காந்த ஊசல்கள் ஏன் ஆட மறுக்கின்றன?

பார்வையாளர் நெருங்கினால் ஆடும் ஒரு கலைப்படைப்பு: நூலில் வரிசையாகத் தொங்கும் ஊசல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் வலுவான ஒரு நியோடிமியம் காந்தம், கீழே பலகைக்குள் ஒளிந்திருக்கும் காயில்கள், அதாவது கரண்ட் பாயும்போது காந்தமாகும் கம்பிச் சுருள்கள். பக்கத்தில் யாராவது கையை நீட்டினால் சென்சார் கண்டுகொள்ளும், ஊசல்கள் ஆடத் தொடங்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால், பாதி ஊசல்கள் அசையவே அசையாது.

அப்போது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, கரண்டைக் கூட்டலாம் என்பது. நானும் அதைத்தான் செய்தேன். கரண்டை இரண்டு மடங்காக்கினால் தள்ளும் விசை இரண்டு மடங்காகும், ஆனால் காயிலில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். 10 ஓம் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 14 வாட்டுக்கு மேல் சூடாக வெளியேறும். சின்னக் காயில் தொட முடியாமல் கொதிக்கும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது இடைவெளியைத்தான். காந்தமும் காயிலும் ஓரளவு விலகி இருக்கும்போது தூரம் இரண்டு மடங்கானால் விசை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். நெருக்கத்தில் இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மேல்பலகையைக் கொஞ்சம் மெல்லியதாக்குவது பெரிய பவர் சப்ளை வாங்குவதைவிட அதிகம் உதவும்.

அடுத்த ஆசை, காயிலுக்குள் இரும்பு போல்ட் வைப்பது. அதனால் மின்காந்தம் வலுவாகும், உண்மைதான். ஆனால் கரண்ட் இல்லாதபோதும் காந்தம் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஊசல் நடுவில் போய் நின்றுவிடும். உள்ளே இரும்பில்லாத காற்றுக் காயிலே போதும். ஸ்க்ரூக்களும் பித்தளையில் இருக்கட்டும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதே என்று தகட்டைக் கீழே வைத்தால் அதுவும் வம்பு: நகரும் காந்தம் அதில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டும், அவை கண்ணுக்குத் தெரியாத பிரேக் போல ஊசலைத் தேய்த்து நிறுத்தும். பலகைக்கு மரமோ அக்ரிலிக்கோ நல்லது.

சரி, எப்போது தள்ளுவது? ஊஞ்சல் ஆட்டத் தெரிந்தவருக்கு இது தெரியும். ஊசல் நடுவைக் கடந்து விலகும் நொடியில் சின்னதாக ஒரு விலக்கு விசை, அவ்வளவுதான். நேரம் தப்பினால் நாமே அதை நிறுத்திவிடுவோம். ஊசல் எங்கே இருக்கிறது என்று அறிய காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார் வைப்பவர்கள் மறப்பது ஒன்று உண்டு: அது காயிலின் காந்தப்புலத்தையும் சேர்த்தே படிக்கும். காயிலை அணைத்து, சில மில்லிசெகண்ட் பொறுத்து, அப்புறம் படியுங்கள். காயில்களை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையின் புரோகிராமில் ‘டிலே’ என்னும் காத்திருப்புக் கட்டளை போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். ஓர் ஊசலுக்காக நிற்கும் நேரத்தில் மற்றவை தம் முறையைத் தவறவிடும்.

மின்சுற்றில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, காயிலை நேரே ஆர்டுயினோவின் பின்னில் (இணைப்பு முனையில்) இணைப்பது. ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னில் 20 மில்லிஆம்பியர் வரை எடுப்பதுதான் பாதுகாப்பு; காயில் கேட்பது அதைவிடப் பல மடங்கு. நடுவில் மின்னணு ஸ்விட்சாக ஒரு மாஸ்ஃபெட் வேண்டும், அதுவும் 5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகை. காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் கட்டாயம். அது இல்லாவிட்டால், கரண்ட் நிற்கும் கணத்தில் எழும் எதிர் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு காந்தத்திலும் வட துருவத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள்; காந்தம் தலைகீழானால் காயில் அதை விலக்குவதற்குப் பதில் இழுக்கும். நான் 12 ஊசல்களில் ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, இரண்டு மாலைகள் புரோகிராமில் பிழை தேடினேன்.

நூலே இல்லாமல் மிதக்கவிடலாமா? நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் எர்ன்ஷா 1842-லேயே காட்டிவிட்டார். கிரேக்கச் சிற்பி தாகிஸும் தன் படைப்புகளில் பொருள்களை நூலில் கட்டித்தான் காந்தத்தை நோக்கி அந்தரத்தில் நிற்கவைத்தார்.

பார்வையாளர் கைவைக்கும் படைப்பு என்றால், காந்தம் கழன்று விழ வழியிருக்கக் கூடாது. பசையை மட்டும் நம்பாமல் மூடிய உறைக்குள் வையுங்கள். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடல் சுவர்களுக்கு இரு பக்கமும் நின்று அவை ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கிட்டே வர வேண்டாம் என்று ஓர் அறிவிப்பை, ஊசல்கள் கண்ணில் படும் முன்பே படிக்கும்படி, வாசலிலேயே ஒட்டிவிடுங்கள்.