பென்சீன் வளையத்தின் நிலைப்புத்தன்மை: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்த பென்சீன் ஏன் நிலையானது என்று பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கும் நீட் தேர்வுக்கும் ஆயத்தமாகும் மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலும் 'உடனிசைவு' (எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் பல பிணைப்புகளில் பரவியிருத்தல்) என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கிறது. ஆனால், மூலக்கூறு இரு வடிவங்களுக்கிடையே ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதாகவே பலர் அச்சொல்லைப் புரிந்துகொள்கின்றனர். இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறுவதாக, பென்சீனுக்கு வளைய அமைப்பை முன்மொழிந்த வேதியியலாளர் கெக்குலேயே 1872-இல் கருதினார் என்றாலும், இன்று அதே விளக்கத்தை எழுதுவது பிழையாகும். ஒற்றைப் பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பு 1.34 ஆங்ஸ்ட்ராம் என்றிருக்க, பென்சீனின் ஆறு கார்பன்–கார்பன் பிணைப்புகளும் எப்போதும் ஏறத்தாழ 1.39 ஆங்ஸ்ட்ராம் நீளமே கொண்டவை. இரட்டைப் பிணைப்பு ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கிடப்படும் ஆறு பை எலக்ட்ரான்களும் வளையம் முழுவதும் பரவியிருப்பதால் மூலக்கூறின் ஆற்றல் குறைகிறது. நிலைப்புத்தன்மை என்பது இந்த ஆற்றல் குறைவுதான்.

அதன் அளவைக் கணக்கிடும்போதும் தவறு நேர்கிறது. ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட சைக்ளோஹெக்சீன் ஹைட்ரஜனேற்றம் அடையும்போது (ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளும்போது) மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுவதால், தனித்தனியான மூன்று இரட்டைப் பிணைப்புகளுக்கு 360 கிலோஜூலை எதிர்பார்க்கலாம். பென்சீனில் வெளிப்படுவதோ சுமார் 208 கிலோஜூல். இந்த 208-ஐயே உடனிசைவு ஆற்றலாக எழுதிவிடுகின்றனர். இரண்டுக்குமான வேறுபாடாகிய 152 கிலோஜூலே சரியான விடை.

நிலையானது என்றால் வினைபுரியாதது என்று பொருளன்று. பென்சீன் புரோமின் நீரின் நிறத்தை நீக்குவதில்லை; ஆனால் ஃபெரிக் புரோமைடு முன்னிலையில் புரோமினுடன் பதிலீட்டு வினையில் (ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் புரோமின் அமரும் வினையில்) ஈடுபடுகிறது, ஏனெனில் அவ்வினையின் முடிவில் வளையத்தின் எலக்ட்ரான் அமைப்பு மீண்டும் கிடைத்துவிடுகிறது. அதேபோல, பீரோவில் பட்டுச் சேலைகளுக்கிடையே வைத்த நாப்தலீன் உருண்டை நாளடைவில் மறைவதை நிலையின்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அங்கே மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஆவியாகின்றனவே தவிர, வளையம் எதுவும் உடைவதில்லை.

ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு கொண்ட எல்லா வளையங்களையும் அரோமேட்டிக் (பென்சீனைப் போல எலக்ட்ரான் பரவலால் நிலைப்புப் பெற்றவை) என்று எழுதுவதே விடைத்தாள்களில் மிகவும் வருத்தம் தரும் தவறு. அரோமேட்டிக் தன்மையைத் தீர்மானிக்கும் ஹக்கல் விதிப்படி, வளையம் தளமாக இருக்க வேண்டும். பரவியுள்ள பை எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 2, 6, 10, 14 என்ற வரிசையில் அமைய வேண்டும். நான்கு எலக்ட்ரான் கொண்ட சைக்ளோபியூட்டாடையீன் மிகுந்த வினைத்திறன் உடையது. எட்டு கொண்ட சைக்ளோஆக்டாடெட்ராயீன் தளமாக நில்லாமல் தொட்டி வடிவில் வளைந்து, சாதாரண ஆல்கீனைப் போலப் புரோமினைச் சேர்த்துக்கொள்கிறது.

நைட்ரஜன் உள்ள வளையங்களில் இந்த எண்ணிக்கையைக் கூடுதல் கவனத்துடன் செய்ய வேண்டும். மூன்று இரட்டைப் பிணைப்பு கொண்ட பிரிடீனில் நைட்ரஜனின் தனித்த இணை (பிணைப்பில் பங்கேற்காத இரு எலக்ட்ரான்கள்) வளையத்தின் தளத்திலேயே இருப்பதால் அது கணக்கில் சேராது. இரண்டே இரட்டைப் பிணைப்பு கொண்ட பிர்ரோலில் அந்த இணையைச் சேர்த்தால்தான் ஆறு நிறைவடைகிறது. பிரிடீன் புரோட்டானை ஏற்கும் காரமாக இயங்குவதற்கும், பிர்ரோல் மிக வலிமை குன்றிய காரமாக இருப்பதற்கும் இவ்வேறுபாடே காரணம்.