ஓடும் வண்டியை ஓடுவதாகவே படமெடுப்பது எப்படி? ரயில், விமானம், காருக்கான பேனிங் செய்முறை

ரயிலைப் படமெடுக்கத் தொடங்கிய புதிதில் என் படங்களில் வண்டி எண்ணைத் தெளிவாகப் படிக்க முடிந்தது, முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைக்கூட எண்ண முடிந்தது. ஆனால் அந்த வண்டி ஓடுகிறதா, சிக்னலுக்காக நிற்கிறதா என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. காரணம், எல்லாவற்றையும் 1/2000 வினாடி ஷட்டர் வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் வினாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. அதாவது 1/2000 வினாடியில் அது ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் நகரும், 1/60 வினாடியிலோ ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நகரும். கேமராவையும் வண்டியோடு சேர்த்துத் திருப்பி, அந்த நகர்வைப் பின்னணியின் மேல் கோடுகளாக ஏற்றிவிட்டு, வண்டியை மட்டும் கூர்மையாகப் பிடிப்பதைத்தான் பேனிங் என்கிறோம். ஷட்டர் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கும் நிலைக்குக் கேமராவை மாற்றத் தெரியும் என்ற அளவில் தொடங்குகிறேன்.

முதல் படி: நிற்கும் இடம்

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வண்டி உங்களைக் குறுக்காகக் கடந்து செல்ல வேண்டும். தண்டவாளத்திற்கு மிக அருகில் நிற்பது பாதுகாப்புக்கு மட்டுமல்லாமல் படத்துக்கும் கேடு. 25 மீட்டர் தொலைவில் நின்றால், மேலே சொன்ன ரயில் உங்களை நேராகக் கடக்கும் கணத்தில் நீங்கள் வினாடிக்கு 57 பாகை வேகத்தில் திரும்பியாக வேண்டும். 50 மீட்டருக்குத் தள்ளி நின்றால் அது பாதியாகக் குறைந்துவிடும். தொடக்கநிலையாளருக்கு இந்தப் பாதி பெரிய உதவி. மின்மயமான பல தடங்களில் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருப்பதால், மோனோபாடையோ (கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பம்) குடையையோ உயர்த்திப் பிடிக்கும் எண்ணமே வேண்டாம். ஓட்டுநரை நோக்கி ஃப்ளாஷ் அடிப்பதும் கூடாது.

விமானங்களுக்கு ஓடுபாதை எண்ணே வழிகாட்டி. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை கிடைக்கும்: 09 என்றால் கிழக்கு நோக்கி, 27 என்றால் மேற்கு நோக்கி. விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே ஏறி இறங்குவதால், காற்றின் திசையை அறிந்தால் அன்று அவை எந்த முனையில் இறங்கும் என்பதை வீட்டிலிருந்தே கணித்துவிடலாம். புறப்படுவதற்கு முன், அந்த நாட்டில் விமான நிலையத்தைப் படமெடுப்பது குறித்த சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 2001ஆம் ஆண்டு நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானத் தளத்தில் விமானம் பார்க்கச் சென்ற 12 பிரிட்டானியர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவு பார்த்ததாகக் கைதுசெய்யப்பட்டார்கள். மேல்முறையீட்டில் அவர்கள் விடுவிக்கப்படுவதற்கு ஓராண்டு ஆயிற்று.

இரண்டாம் படி: கேமரா அமைப்பு

ரயிலுக்கும் காருக்கும் 1/125 வினாடியில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு 1/60க்கும் பின்னர் 1/30க்கும் இறங்கலாம். நகரும் பொருளை விடாமல் பின்பற்றும் தொடர் ஃபோகஸ், தொடர் படப்பிடிப்பு, ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளி ஆகியவை போதும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அதன் பேனிங் நிலையைத் தேர்ந்தெடுங்கள்: கேனான், சோனி லென்ஸ்கள் பலவற்றில் அது ‘மோட் 2’, நிக்கானில் ‘ஸ்போர்ட்’ நிலை இதற்கு ஏற்றது. அத்தகைய நிலை இல்லாத பழைய லென்ஸ் என்றால் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவதே மேல். நாம் ஒரு பக்கம் திரும்ப, அது நம்மை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

நல்ல வெயிலில் இங்கே ஒரு சிக்கல் எழும். ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு அளவு) 100இல் 1/60 வினாடி என்றால் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்திறப்பு, எஃப்/22 வரை சுருங்கிவிடும். சென்சரில் ஒட்டியுள்ள தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். 1/30க்கு இறங்கினால் பல லென்ஸ்களில் சுருங்குவதற்கு மேலும் இடமில்லாமல் படம் வெளுத்துவிடும். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 ஃபில்டரை மாட்டினால் 1/60 வினாடிக்கு எஃப்/8 போதுமானதாகிவிடும். இந்தப் பொழுதுபோக்கிற்கு முதலில் வாங்க வேண்டியது 600 மிமீ லென்ஸ் அல்ல, இந்த ஃபில்டர்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். 70-200 மிமீ ஜூம் ஒன்று இருந்தால் பேனிங்கிற்கு அதுவே தாராளம். ட்ரைபாட் தேவையில்லை, கனமான லென்ஸ் என்றால் மோனோபாட் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உடலைத் திருப்புவது

நான் பல வாரங்கள் தடுமாறி நின்றது இந்த இடத்தில்தான். அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் படத்தில் வண்டி இழுபட்டே வந்தது. ஒருநாள், தொடர்ச்சியாக எடுத்த எட்டுப் படங்களைத் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது உண்மை புரிந்தது: முதல் படத்தில் பின்னணி மரங்கள் கோடுகளாக இருந்தன, நான்காவதில் அவற்றின் கிளைகள் தெரியத் தொடங்கின, எட்டாவதில் இலைகள்கூடத் துல்லியமாக இருக்க, ரயில் மட்டும் குழம்பிப்போயிருந்தது. பொத்தானை அழுத்தியதும் என் உடல் என்னை அறியாமலேயே திரும்புவதை நிறுத்தியிருக்கிறது. நிற்கும் பொருளைப் படமெடுத்துப் பழகிய கை, அழுத்தும் கணத்தில் ஆடாமல் இருக்கவே முயலும். அந்தப் பழக்கம் இங்கே எதிரியாகிவிடுகிறது.

இதைச் சரிசெய்தது கேமராவில் உள்ள எந்தப் பொத்தானும் அல்ல, கால்கள்தான். வண்டி வரும் திசையை நோக்கிக் கால்களை ஊன்றிக்கொண்டு, அது போகப்போக இடுப்பை முறுக்கினால், வண்டி நம்மைக் கடக்கும்போது உடல் இறுகித் திணறும். அதற்கு மாறாக, வண்டி உங்களைக் கடந்து சென்று மறையும் திசையை நோக்கிக் கால்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்புக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் வண்டி வரும் பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். இப்போது உடல் முறுக்கிய கயிறு போல இருக்கும். வண்டி நெருங்க நெருங்க முறுக்கு தானாகத் தளர்ந்து, திரும்புதல் வழுக்கிக்கொண்டு போவது போல அமையும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கண்ணோடு ஒட்டியிருக்கட்டும். கையை நீட்டித் திரையைப் பார்த்தபடி பேனிங் செய்ய என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. வண்டியில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதாவது முகப்பு விளக்கையோ எண்ணின் முதல் இலக்கத்தையோ, ஃபோகஸ் புள்ளியை விட்டு விலகாமல் வைத்துக்கொண்டு, படமெடுக்க வேண்டிய இடத்திற்கு வெகு முன்பிருந்தே பின்தொடருங்கள். திரும்பிக்கொண்டே பொத்தானை மெல்ல அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் வண்டியைப் பின்தொடர்ந்துகொண்டே இருங்கள்.

பயிற்சிக்குச் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்று, கடந்து செல்லும் மிதிவண்டிகளை 1/30 வினாடியில் எடுங்கள். இருபது படங்களில் இரண்டு தேறினால் நீங்கள் நன்றாகவே முன்னேறுகிறீர்கள் என்று பொருள்.

விமானத்திலும் காரிலும் உள்ள வேறுபாடு

ஜெட் விமானத்தில் சுழலும் பகுதி வெளியே அதிகம் தெரியாது. வெறும் வானத்தின் முன் 1/1000 வினாடியில் எடுத்தாலும் குறையில்லை. ப்ரொப்பெல்லர் விமானம் அப்படியல்ல. நிமிடத்துக்கு 2400 சுற்றுகள் சுழலும் ப்ரொப்பெல்லர் 1/1000 வினாடியில் 14 பாகைதான் திரும்பும். என்ஜின் நின்றுபோன விமானம் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். 1/125 வினாடியில் அது 115 பாகை திரும்பிவிடுவதால் சுழற்சி கண்ணுக்குத் தெரியும். பகல் வெயிலில் ஓடுபாதைக்கு மேல் தகிக்கும் கானல் அலைகளுக்கு எந்த விலையுயர்ந்த லென்ஸிலும் மருந்தில்லை. அதிகாலையில் போங்கள், அல்லது இன்னும் அருகில் செல்லுங்கள்.

நிறுத்தி வைத்த காரை எடுப்பதென்றால், முன்சக்கரத்தைத் திருப்பி அதன் முகப்பு கேமராவுக்குத் தெரியும்படி வையுங்கள். லென்ஸை முகப்பு விளக்கின் உயரத்திற்குத் தாழ்த்துங்கள். போலரைசர் ஃபில்டர் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் உள்ள பிரதிபலிப்பை அடக்கும்; ஆனால் பக்கவாட்டு, பின்பக்கக் கண்ணாடிகளில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள் தோன்றலாம். அது ஃபில்டரின் குறையல்ல. கண்ணாடியை உறுதியாக்கும்போது அதற்குள் ஏற்பட்ட இறுக்கம் அப்படித் தெரிகிறது. ஃபில்டரைச் சற்றுத் திருப்பினால் குறையும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், தன் படத்தில் தண்டவாளத்து மின்கம்பங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன என்று அனுப்பியிருந்தார். ஓசையற்ற மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். அதில் பெரும்பாலான சென்சர்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் கேமரா திரும்பிவிடுவதால் கம்பங்கள் சாய்ந்துவிடுகின்றன. ப்ரொப்பெல்லர் என்றால் வாழைப்பழம் போல வளைந்துவிடும். இயந்திர ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இது புதிய நோயும் அல்ல: பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்ரி லார்த்தீக் 1910களில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முன்பக்கமாகவும் பார்வையாளர்கள் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்திருப்பதற்கு, அவர் கேமராவைக் காரைவிட மெதுவாகத் திருப்பியதும் அக்கால ஷட்டரில் ஒளியை உள்ளே விடும் பிளவு மெல்ல நகர்ந்ததுமே காரணம்.

இன்னொருவருக்கு, ரயில் முகப்பிலுள்ள எல்இடி பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் பாதிதான் பதிவாகியிருந்தது. அந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை மாற்றி வரிசையாக மிக வேகமாக எரிந்து அணைவதைக் கண் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது, 1/1000 வினாடி ஷட்டரோ எரியும் வரிசையை மட்டும் பிடிக்கிறது. 1/125 வினாடி அல்லது அதைவிட மெதுவாக எடுத்தால் பெரும்பாலான பலகைகள் முழுமையாக வரும். நேர் எதிரே வரும் வண்டியைத் தொலைவிலிருந்தே நீண்ட லென்ஸில் எடுத்தால், சட்டகத்துக்குள் அதன் நகர்வு மிகக் குறைவு என்பதால், அந்த வேகத்திலும் முகப்பு கூர்மையாகவே இருக்கும்.