பெனின் தலைகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடோ மக்கள் பித்தளையில் வார்த்த தலைச் சிற்பங்களைத்தான் பெனின் தலைகள் என்கிறோம். முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எடோ மக்கள் தென் நைஜீரியாவின் பெனின் நகரைச் சேர்ந்தவர்கள். ஜப்பானின் எடோ காலத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. 1975 வரை தஹோமி எனப்பட்ட பெனின் குடியரசும் வேறு நாடு. இந்தச் சிற்பங்களைக் குறிக்கும் 'பெனின் வெண்கலம்' என்பதுகூடப் பழகிப்போன பெயர்தான், பெரும்பாலானவை பித்தளை.

அடுத்தது, அந்தத் தலைகளை மன்னரின் முகச்சாயல் என்று நினைப்பது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. ஓபா எனப்படும் மன்னர் இறந்தபின், பட்டத்துக்கு வரும் மகன் தந்தைக்கு ஒரு பலிபீடம் அமைப்பார். அதில் வைக்கத்தான் தலை வார்க்கப்படும். ஒருவரின் அறிவும் குணமும் விதியும் தலையில்தான் இருக்கின்றன என்பது எடோ நம்பிக்கை. அதனால் மூக்கும் கண்ணும் யாரைப் போல இருக்கின்றன என்பது அங்கே கேள்வியே இல்லை.

தலையின் உச்சியில் ஒரு துளை இருக்கும். அதைச் சேதம் என்று எழுதிவிடாதீர்கள். உருவங்கள் செதுக்கிய முழு யானைத் தந்தத்தை அதில்தான் நிறுத்துவார்கள். பக்கத்தில் அடித்து ஒலிக்கும் பித்தளை மணிகளும், உகுர்ஹே என்ற மரக்கோல்களும் இருக்கும். கோலின் உச்சிப் பகுதி உள்ளே குடைந்து, குலுங்கி ஒலிக்கும்படி செய்யப்பட்டிருக்கும். அதைத் தரையில் தட்டித்தான் முன்னோரை அழைப்பார்கள். அப்புறம் பலி, படையல், வேண்டுதல். கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கும் தலையில் இந்தச் சத்தம் எதுவும் நமக்குக் கேட்பதில்லை.

எல்லா வீட்டிலும் பித்தளைத் தலை இருந்ததாகவும் எண்ண வேண்டாம். அது அரச குடும்பத்துக்கு உரியது. குடித்தலைவர்களின் பீடத்தில் மரத்தலை இருக்கும். சாதாரண வீட்டில் மூத்த மகன் அமைக்கும் பீடத்துக்கு உகுர்ஹே கோலே முக்கியம். புகழ்பெற்ற பித்தளைத் தகடுகளும் பீடத்துக்கானவை அல்ல. அரண்மனைத் தூண்களில் பதித்தவை.

போர்த்துகீசியர் கற்றுக்கொடுத்த கலை என்பதும் தவறு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே வார்ப்பு இருந்தது. அவர்கள் கொண்டுவந்தது பித்தளை வளையங்களை; அவை உருக்கப்பட்டு மூலப்பொருளாயின.

கடைசியாக, இறந்தகாலத்தில் எழுதுவது. 1897இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடி, பீடத்துப் பொருள்களை அள்ளிச் சென்றது உண்மை. ஓபா ஓவொன்ராம்வென் நாடு கடத்தப்பட்டார். ஆனால் 1914இல் அவர் மகன் இரண்டாம் எவெகா அரியணை ஏறினார். முன்னோர் பீடங்களும் மீண்டும் எழுந்தன. பெனின் நகரின் இகுன் தெருவில் இன்றும் மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, பித்தளை ஊற்றுகிறார்கள்.