கீமோ எடுக்கும் பிள்ளை சின்னம்மைக்காரர் பக்கத்தில் இருந்துவிட்டால்

கொப்புளம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கீமோவால் (புற்றுநோய் மருந்தால்) வெள்ளை அணு குறைந்த உடம்பில் சின்னம்மைக் கிருமி தோலோடு நிற்காது; நுரையீரல், கல்லீரல், மூளை வரை போகும். விஷயம் தெரிந்த அன்றே, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், சிகிச்சை தரும் வார்டுக்குப் போன் செய்யுங்கள்.

ஒரே அறையில் 15 நிமிடம், அல்லது முகத்துக்கு நேராக 5 நிமிடம் இருந்தாலே தொற்றப் போதும். கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே நோய் பரவும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையனுக்குத் திங்கட்கிழமை அம்மை கண்டால் அதுவும் கணக்குதான். அக்கி வந்தவர் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள், அதுவும் இதே கிருமி.

போன் செய்யுமுன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை: யாரோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கடைசி கீமோ தேதி, இப்போது கொடுக்கும் மருந்துகள், கடைசியாக ரத்தம் ஏற்றிய நாள். ஏற்றிய ரத்தத்தில் பிறருடைய எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) இருக்கும், பிள்ளைக்கு அம்மை எதிர்ப்பு உண்டா என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு ஏமாற்றிவிடும். அதனால்தான் இதையும் கேட்கிறார்கள். முன்பே அம்மை வந்திருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும் போன் செய்யத்தான் வேண்டும்.

டாக்டர் இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்புப் புரதம்) ஊசி போடலாம். சந்தித்த 96 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது. தாமதமானால் 10 நாள் வரை போடுவதுண்டு. ஊசி கிடைக்காத இடத்தில், சந்தித்த 7ஆம் நாளிலிருந்து அசைக்ளோவிர் என்ற கிருமி மருந்து கொடுப்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்ச் சிகிச்சை பெறுபவர்கள் பயணத்தையும் வார விடுமுறையையும் இந்த 96 மணியில் கழித்துப் பார்க்கவேண்டும்.

சந்தித்த 8ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை (ஊசி போட்டிருந்தால் 28 வரை) பிள்ளையை மற்ற கீமோ பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைக்கக்கூடாது. கிளினிக் தேதியைத் தவறவிடாமல், முன்கூட்டியே சொல்லித் தனி அறை கேளுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது தலைமயிருக்குள், காதுக்குப் பின்னால், வாய்க்குள் பாருங்கள். கடுமையான வயிற்றுவலி அல்லது முதுகுவலி கொப்புளத்துக்கு முன்பே வரலாம். அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒரே ஒரு கொப்புளம் கண்டாலும் அப்படித்தான்: ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றவேண்டியிருக்கும்.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், படுக்கையருகே வேப்பிலை வையுங்கள், அதில் தவறில்லை. அம்மா இறங்கும்வரை ஆஸ்பத்திரி வேண்டாம் என்ற வழக்கம் மட்டும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசவும் வேண்டாம், கொப்புளம் உடைந்து புண்ணில் வேறு கிருமி ஏறும்.

எந்தக் காய்ச்சலானாலும், கிருமி எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அக்குளில் தெர்மாமீட்டர் வையுங்கள், ஆசனவாயில் வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ், அல்லது உங்கள் வார்டு சொன்ன அளவு காட்டினால், பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்குமுன் போன் செய்யுங்கள். பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலே தெரியாமல் போகலாம், சோர்ந்து கிடந்தாலே கிளம்பிவிடுங்கள். ஐபூபுரொஃபன், ஆஸ்பிரின் கூடவே கூடாது. கீமோவில் தட்டணு (ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்) ஏற்கெனவே குறைந்திருக்கும். டெங்கி வந்தாலும் அதே தட்டணுதான் குறையும், ஆகவே அக்கம்பக்கத்தில் டெங்கி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவசரப் பிரிவுக் கவுன்டரில் முதல் வார்த்தையாக 'டெமாம் (மலாயில் காய்ச்சல்), கீமோதெராப்பி' என்று சொன்னால் வரிசையில் காக்கவைக்க மாட்டார்கள். அப்படியும் வைத்தால் மறுபடி சொல்லுங்கள். வந்து 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும்.

லயத்து வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே போகாமல் விசாரியுங்கள். வகுப்பாசிரியரிடமும் பாலர் பள்ளியிலும், யாருக்காவது அம்மை கண்டால் அன்றே தெரியப்படுத்தும்படி சொல்லி வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும். அண்ணன் தங்கைக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடலாம், போட்டபின் அவர்களுக்குக் கொப்புளம் வந்தால் பிரித்து வைத்து வார்டுக்குச் சொல்லுங்கள். கீமோ நடக்கும் பிள்ளைக்கோ சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசி போடக்கூடாது. பள்ளியில் ஊசி போடும் நாளில் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.