அமெரிக்கச் சமூகப் பொருளாதார மாற்றங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு பயிலும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் எங்கள் வகுப்பில் உலவிய பிழைகளே மீண்டும் கண்ணில் படுகின்றன. பெயரிலும் ஆண்டிலும் நேரும் சறுக்கல்களை எந்தப் பாடநூலும் திருத்திவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டம் வந்த நாளோடு கதையை முடிப்பது

குடியரசுத் தலைவர் லிங்கன் 1863இல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும் அடிமை முறை ஒழிந்தது என்ற வாக்கியத்தை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்தப் பிரகடனம் உள்நாட்டுப் போரில் நாட்டிலிருந்து பிரிந்து கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. பிரிந்துபோகாத கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசௌரி மாநிலங்களில் இருந்த அடிமைகளை அது தொடவில்லை. டெக்சாசின் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19இல்தான். நாடு முழுவதற்குமான தடை, அரசமைப்பின் 13ஆம் திருத்தம் ஏற்கப்பட்ட அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. அதிலும் குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்குவதற்கு விலக்கு இருந்ததால், தென் மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் வாடகைக்கு விட்டன. அலபாமாவில் இது 1928 வரை நீடித்தது.

நாள்களைத் திருத்திக்கொண்டால் மட்டும் போதாது. ஒரு மாணவி இவ்வளவையும் பிழையின்றி எழுதிவிட்டு, அதன்பின் விடுதலை பெற்றவர்கள் சுதந்திரமான கூலித் தொழிலாளர்கள் ஆனார்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார். யாருடைய நிலத்தில் உழுதார்கள் என்று கேட்டேன். கட்டுரையில் அதற்கு விடை இல்லை. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கும்படி 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டு குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். நிலமில்லாதவர்கள் விளைச்சலில் பெரும்பாலும் பாதியைக் கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதையும் உணவுப் பொருளும் கடனுக்கு வந்தன, வட்டி கடுமையாக இருந்தது, கணக்கை எழுதியவரும் கடன் கொடுத்தவரே. ஆகவே அறுவடைக்குப் பின்னும் மிஞ்சிய கடன் அடுத்த ஆண்டுக்குத் தொடர்ந்தது. ஏழை வெள்ளையரும் பெருமளவில் இந்தப் பொறியில் சிக்கினர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்தப் பகுதியை விட்டுவிடுபவருக்கு, 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுச் சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களுக்கு ஏன் போனார்கள் என்பது பாதிதான் விளங்கும். ஆலை வேலை அவர்களை ஈர்த்தது உண்மை. தீராத கடனும் வன்முறையும் பறிக்கப்பட்ட வாக்குரிமையும் அவர்களை வெளியே தள்ளின.

வடக்கையும் தெற்கையும் பிரித்து எழுதுவது

வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகர நெசவாலைகள் நூற்றது தெற்கில் அடிமைகள் பறித்த பருத்தியை.

பெருமந்தத்தை 1929 அக்டோபருக்குள் அடக்குவது

1930களை ஆட்டிப்படைத்த பொருளாதாரச் சரிவே பெருமந்தம். அதை எழுதும்போது 1929 அக்டோபரின் பங்குச் சந்தை வீழ்ச்சியிலிருந்து வேலையின்மைக்கு நேராகத் தாவக் கூடாது; இடையில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன.

நியூ டீல் எல்லோரையும் சென்றடைந்தது என்பது

நியூ டீல் என்பது பெருமந்தத்தைச் சமாளிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டங்களின் தொகுப்பு. அதன்கீழ் பருத்திப் பரப்பைக் குறைப்பதற்கு 1933 முதல் வழங்கப்பட்ட அரசுப் பணம் பெரும்பாலும் நில உடைமையாளர் கைக்கே போனது. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்த 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டுவேலை செய்வோரையும் விலக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் அதன் வரம்புக்குள் வந்தது 1950களில்தான்.