ஸ்லீவுக்குப் பிறகு எடை ஏறியபோது: படுத்து எடுத்த எக்ஸ்ரே

எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி ஒரு குழாய்போல் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் குறைந்த என் எடை சில வருடங்களில் திரும்ப ஏறிவிட்டது. கூடவே நெஞ்செரிச்சல், படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், தலையணையில் மஞ்சள் கறை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்கும் கேட்கவில்லை. ரொட்டி சானாய் (பரோட்டா), தே தாரேக் (பால் டீ) எல்லாம் விட்டும் எடை அசையவில்லை. எண்டோஸ்கோப்பியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. இரைப்பையை இன்னொரு முறை சுருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள்.

பினாங்கில் வேறொரு சர்ஜன் முதலில் கேட்டது பழைய ஆபரேஷன் குறிப்பை. பிறகு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து நின்றபடியும் படுத்தபடியும் எக்ஸ்ரே. படுத்த படத்தில்தான் தெரிந்தது, இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்தது; இதுதான் ஹெர்னியா. மறுபடி சுருக்கினால் உள்ளழுத்தம் கூடி எரிச்சல் மோசமாகலாம் என்று விளக்கி, ஹெர்னியாவைச் சரிசெய்து, ஸ்லீவை இரைப்பை பைபாஸாக (சிறு இரைப்பைப் பையை நேரே சிறுகுடலோடு இணைப்பது) மாற்றினார். அப்பாடா, இப்போது நிம்மதியாகப் படுக்கிறேன், எடையும் இறங்குகிறது. பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் மட்டும் ஆயுசுக்கும் உண்டு.