எந்த ஆமி? அமைதிப்படையைப் பற்றி எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சிப்புளியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போன கதையை வைத்து வருஷத்துக்கு நாலைந்து புராஜெக்டாவது டைப்புக்கு வந்துவிடும். ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது கைக்கெட்டும் தூரத்து விஷயம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வருகிற எல்லாவற்றிலும் அச்சடித்த மாதிரி அதே தவறுகள் இருக்கும். டைப் பண்ணி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு மாணவனை மண்டபத்துக்கு நானே கூட்டிப்போனேன். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து ரோட்டோரம் இட்லிக்கடை போடும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். சாயங்காலம், மறுநாளைக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். பையன் போனை நீட்டி, "ராணுவம் வந்தப்ப எப்படி இருந்துச்சும்மா?" என்றான். அக்கா குண்டானைச் சாய்த்துத் தோலை வடித்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த ஆமியைக் கேக்கிறீங்கள் தம்பி? சிங்கள ஆமியோ, இந்தியன் ஆமியோ?"

பையன் முழித்தான். அவன் தாளில் "ராணுவம்" என்று மட்டும்தான் இருந்தது. நமக்கு ஒரு ராணுவம், அவர்களுக்கு ஒரு ராணுவம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அந்தக் கணக்கே வேறு. ஆகவே முதலில் யார், எப்போது என்பதை எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தேதியில்தான் பெரும்பாலான குழப்பம். 1987 ஜூன் மாதச் சம்பவத்தையும் அக்டோபர் மாதப் போரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். வரிசை இதுதான்: 1987 மே கடைசியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. ஜூன் முதல் வாரம் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 மீன்பிடிப் படகுகளில் அரிசி, மருந்து ஏற்றி, செஞ்சிலுவைக் கொடி கட்டி இந்தியா அனுப்பியது. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பிவிட்டது. மறுநாள், ஜூன் 4ஆம் தேதி, இந்தியாவின் ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு போய் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் நிவாரணத்தைப் போட்டுவிட்டு வந்தன. அதன் பெயர் பூமாலை. இலங்கை அரசிடம் அனுமதி வாங்கிப் போனதல்ல அது. வெறுமனே தகவல் சொல்லிவிட்டுப் போனது.

அதற்கப்புறம்தான் ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். படை போனது அந்த ஒப்பந்தத்தின் பேரில். அது போருக்காகப் போகவில்லை, போராளிக் குழுக்களின் ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு அமைதியைக் காக்க என்று போனது. போர் தொடங்கியது அக்டோபர் 10, ஆபரேஷன் பவன். "1987ல் இந்தியா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தது" என்று ஒரே வரியில் முடித்தால், படகு, விமானம், ஒப்பந்தம், போர் என்ற நான்கும் ஒரே மூட்டைக்குள் போய்விடும்.

சரி, இது படையெடுப்பா இல்லையா? நான் பார்த்தவரை பிள்ளைகள் இங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள். காகிதப்படி பார்த்தால் இலங்கை அரசு கேட்டால் இந்தியா ராணுவ உதவி தரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜெயவர்த்தனே கேட்டார், படை போனது. அவருடைய ராணுவமோ தெற்கே ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியை அடக்கத் தேவைப்பட்டது. ஆனால் அழைத்தவர் எந்த நிலையில் அழைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கும் மேலாக மிராஜ் விமானங்கள் அவர் மனதில் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். தென்னிலங்கையில் பலர் இதை ஆக்கிரமிப்பு என்றே பார்த்தார்கள். ஒப்பந்தத்துக்கு மறுநாள், அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படை வீரர் ஒருவர் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தது அந்தக் கோபத்தில்தான். வடக்கிலோ முதல் வாரங்களில் மாலை போட்டு வரவேற்றார்கள். இரண்டே மாதத்தில் அதே தெருக்களில் சண்டை. எனவே "படையெடுப்பு" என்று எழுதினாலும் "அமைதிப்பணி" என்று எழுதினாலும், யாருடைய பார்வையில், எந்த மாதத்தில் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஐ.நா. சபை அனுப்பிய படை என்று மட்டும் எழுதாதீர்கள். ஐ.நா.வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு தவறு, சண்டை ஏன் வந்தது என்பதற்கு ஒரே காரணம் தேடுவது. "புலிகள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரு புராஜெக்ட், "இந்தியா துரோகம் செய்தது" என்று இன்னொன்று. நடந்ததை அடுக்கிப் பார்த்தாலே இரண்டும் போதாது என்று தெரியும். கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். துப்பாக்கி வைத்திருந்த விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவே இல்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி சுதுமலையில் பிரபாகரன் பேசியபோதே, ஒப்பந்தத்தை அவர் அரைமனதோடுதான் ஏற்கிறார் என்பது தெரிந்தது. 1983க்குப் பிறகு புலிகள் உட்படப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்ததே இந்தியாதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. செப்டம்பர் 15ஆம் தேதி நல்லூரில் புலிகளின் திலீபன் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 26ஆம் தேதி இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 பேரை இலங்கைக் கடற்படை கடலில் பிடித்தது. கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது பலாலி விமானதளத்தில் சயனைடு கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அதன்பின் கிழக்கில் சிங்களவர்கள் மீது நடந்த கொலைகளையும் அதே வரிசையில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அந்த வாரமே பேச்சு முறிந்து போர்.

இப்போது போரின் முதல் நாட்களுக்கு வருகிறேன். ராணுவத்தை விமர்சித்தால் தேசத்துரோகம் ஆகிவிடுமோ என்று பயந்து பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள். அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். புலிகளின் தலைமையை அங்கேயே பிடித்துவிடலாம் என்று திட்டம். அவர்கள் காத்திருந்தார்கள். சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேர் இறங்கினார்கள், அவர்களில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். துணைக்கு வர வேண்டிய மற்ற ஹெலிகாப்டர்கள் சுடப்பட்டதால் இறக்க முடியவில்லை. சமவெளியில் இன்னொரு நாட்டு ராணுவத்தோடு மோதப் பழகிய படையை, சந்து சந்தாக வீடும் பனைவேலியும் உள்ள ஊருக்குள், போதிய உளவுத் தகவல் இல்லாமல், பெரும்பாலானோருக்குத் தமிழும் தெரியாத நிலையில் அனுப்பினால் வேறென்ன நடக்கும்? இதைச் சொல்வது அந்த 29 பேரை அவமதிப்பது ஆகாது. சொல்லாமல் விடுவதுதான் அவமதிப்பு என்பது என் கருத்து.

அதேபோல் மறுபக்கத்தையும் விடாதீர்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர் என்று 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மறுபடி 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள். இந்தியப் படையில் இறந்தவர்கள் சுமார் 1,200 பேர். அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு, இறந்தபின், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். ஒரு எண்ணை எழுதி அடுத்த எண்ணை விடுகிற புராஜெக்டை நான் டைப் பண்ணித் தருவேன், காசும் வாங்குவேன். ஆனால் படித்துப் பார்க்க மாட்டேன்.

தமிழ்நாட்டு அரசியலில் வரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படை போனபோது முதல்வர் எம்.ஜி.ஆர்., அந்த டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். நடுவில் ஒரு வருஷம் குடியரசுத் தலைவர் ஆட்சி. படை திரும்பி வந்தபோது முதல்வர் கருணாநிதி, வரவேற்க அவர் போகவில்லை. இதில் யாரை எங்கே மாற்றிப் போட்டாலும் மொத்த வாதமும் சரிந்துவிடும். கச்சத்தீவு ஒப்பந்தம் 1974, 1976. அதற்கும் 87க்கும் முடிச்சுப் போடாதீர்கள். 1971 வங்கதேசத்தோடு ஒப்பிடுவதும் வேண்டாம். அங்கே போர் இரண்டு வாரத்தில் முடிந்து படை சீக்கிரமே திரும்பியது, இங்கே இரண்டரை வருஷம் ஆனது.

எல்லாம் வீண் என்று ஒரே போடாகப் போடுவதும் சரியில்லை. இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும் அந்த ஒப்பந்தத்தில் பிறந்தவைதான். அரைகுறையாக இன்றும் இருக்கின்றன. வடக்கையும் கிழக்கையும் இணைத்ததை மட்டும் 2006ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதேநேரம், இந்தியாவை நம்பி மாகாண சபை நடத்தியவர்களும், 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்ட பையன்களும் படை கிளம்பியதும் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். புராஜெக்டுகளில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. இந்தியப் படையை வெளியேறச் சொன்ன அடுத்த இலங்கை அதிபர் பிரேமதாசாவே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார் என்பதும் அபூர்வமாகத்தான் வரும்.

நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்றுக்காகக் காப்பி எடுக்க வருவார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர், முன்னாள் ராணுவம், மனைவி ஊர் உச்சிப்புளி என்பதால் என் கடைக்குத்தான் வருவார். அன்று கம்ப்யூட்டரில் அந்தப் பையனின் பக்கம் திறந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் மட்டும் திரையில் விரலை வைத்தார். "போர் முடிந்து படை 1988ல் திரும்பியது" என்று இருந்தது.

"இது தப்பு தம்பி. தொண்ணூறு மார்ச்சு இருபத்துநாலு. திருகோணமலையில கப்பல் ஏறினோம். கடைசிக் கப்பல்."

திருத்தினேன். நாலு காப்பி, எட்டு ரூபாய். சில்லறை இல்லை என்று பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனார். பையன் தாளின் அடுத்த பக்கத்தில் இட்லிக்கடை அக்காவின் பேட்டி இருந்தது. படை போன மூன்றாம் மாதம், ஜூனில், புலிகளுக்கும் இலங்கை ராணுவத்துக்கும் போர் மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த ஜூலையில் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி, விடியும்போது தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் தீடையில் இறக்கிவிட்டார்களாம். கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. எப்போது வந்தீர்கள் என்று பையன் கேட்டதற்கு அக்கா சொன்ன பதிலை அப்படியே டைப் பண்ணியிருந்தேன்: "தொண்ணூறு. ஆமி போன வருசம்."

எந்த ஆமி என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன்.